கொங்காணியிலிருந்து குவெச்சுவா வரை

போன வாரம் சூரியநெல்லியிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டிருந்தான். அவனுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம், எனக்குக் காலைக் காப்பி நேரம். கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். விடிகாலை நாலு மணிக்கெல்லாம் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு, கல்லும் குழியுமான பாதையில் இடுப்பெலும்பு கழன்றுவிடாமல் மேலே கொண்டுபோய்ச் சூரிய உதயம் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவன் தொழில்.

"மாமா, கோயம்புத்தூர்ல டிகாத்லான் கடைக்குப் போயிருந்தேன். எம்மாம் பெரிய கடை! டெண்டு, தூங்குற பை, மழைக்கோட்டு, அட்டை ஏறாம இருக்கிற சாக்ஸு கூட இருக்கு மாமா. மலை நம்மகிட்ட இருக்கு, மலை ஏறுற சாமான் பூரா கீழ இருக்கு. இது என்ன நியாயம்?"

நியாயமான கேள்விதான் :-)

அடுத்ததாக விஷயத்துக்கு வந்தான். சூரியநெல்லியில் ஒரு சின்னக் கடை எடுத்து, அந்த மாதிரிச் சாமான்களை வாங்கி வைத்து வாடகைக்கு விடலாம் என்று யோசனை. கொஞ்சம் பணம் குறைகிறது. மாமா பார்த்து ஏதாவது செய்ய முடியுமா?

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். பணம் பெரிய விஷயமில்லை. ஆனால் அந்தக் கடையைப் பற்றி நினைக்க ஆரம்பித்ததும் மனசு எங்கெங்கோ போய்விட்டது. கொசுவத்தி கொஞ்சம் பெரிசாகவே சுற்றப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்குள் ஒரு மலை

பொட்டி தட்டுகிற வேலைக்காகச் சியாட்டிலுக்கு வந்த புதிது. குளிருக்கு ஒரு ஜாக்கெட் வாங்க வேண்டும் என்றதும் அலுவலக நண்பர் ஒருவர் ஊருக்கு நடுவில் இருக்கும் ஆர்.இ.ஐ. கடைக்குக் கூட்டிப்போனார். 1996-ல் திறந்த கடை. உள்ளே கண்ணாடிக் கூண்டுக்குள் 65 அடி உயரத்துக்கு ஒரு செயற்கைப் பாறை. கயிற்றைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். திறந்த காலத்தில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நின்று நனைந்து பார்க்கச் செயற்கை மழை பெய்யும் அறைகூட வைத்திருந்தார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே என்னவோ செய்தது. மழையில் நனைந்து பார்க்க ஒரு அறை! எங்கள் அப்பத்தா முப்பது வருஷம் அந்தச் சோதனையைச் சம்பளத்துக்குச் செய்தவர்.

அந்தக் கடையின் கதையும் சுவாரசியமானதுதான். 1930-களின் நடுவில் லாயிட் ஆண்டர்சன் என்று ஒரு சியாட்டில்காரர். மலையேறுவதில் பைத்தியம். பனிக்கோடாலி ஒன்று வாங்கப் போனால் உள்ளூர்க் கடையில் கொள்ளை விலை. மனைவி மேரிக்கு ஜெர்மன் தெரியும். ஆஸ்திரியாவிலிருந்து விலைப்பட்டியல் வரவழைத்துப் படித்துப் பார்த்தால், தபால் செலவோடு சேர்த்து மூன்றரை டாலர்தான். நண்பர்கள் எல்லோரும் எனக்கொன்று உனக்கொன்று என்று கேட்க, 1938-ல் 23 பேர் ஆளுக்கு ஒரு டாலர் போட்டுக் கூட்டுறவுச் சங்கமாக ஆரம்பித்துவிட்டார்கள். அதாவது நம்ம ஊர் கூட்டுறவுப் பண்டகசாலை மாதிரி. மலை ஏறுகிறவர்களே கடையும் வைத்தார்கள் என்பது இதில் கவனிக்க வேண்டியது. இதற்குக் கடைசியில் திரும்ப வருவேன்.

கடை இல்லாத காலத்துச் சாமான்கள்

சரி, எங்கள் மலைக்கு வருவோம். வரைபடத்தில் பார்த்தால் சூரியநெல்லி கேரளத்தில், இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே தலைக்கு மேல் நிற்கிற கொழுக்குமலை தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில். ஆனால் அந்தத் தமிழ்நாட்டு மலைக்கு வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து போவதானால் போடியிலிருந்து குரங்கணி போய், அங்கிருந்து காலால் நடந்து ஏற வேண்டும். இன்று அதற்குப் பெயர் டிரெக்கிங். எங்கள் தாத்தா காலத்தில் அதற்குப் பெயர் வேலைக்குப் போவது.

அவர்களுக்கும் முன்னால் அந்தப் பாதையில் நடந்தவர்கள் முதுவர்கள். மதுரையை விட்டுக் கிளம்பியபோது மீனாட்சி சிலையை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்று பெயர் வந்ததாக அவர்களிடம் ஒரு கதை உண்டு. பெண்கள் குழந்தையைத் துணியில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு மலை ஏறுவார்கள். முதுகுப்பையின் வரலாற்றை யாராவது எழுதினால் எங்கள் மலையில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று நான் சண்டை போடத் தயார்.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். சிங்கோனா, காப்பி, ஏலம் என்று எல்லாம் போட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலை நிலைத்தது. 1897-ல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி வந்தது. தேயிலை வந்தால் ஆள் வேண்டும். கங்காணிகள் மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் போய் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தார்கள். வெயில் காய்ந்த கரிசல் காட்டிலிருந்து கிளம்பிய அந்த ஜனங்கள் போடிப் பக்கமாக வந்து மலையேறினார்கள்.

ஆள் நடந்தது, சரக்கு மட்டும் வாகனத்தில் போனது. 1902-ல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள். ஒரு சின்னச் சக்கரம் தண்டவாளத்தில், ஒரு பெரிய சக்கரம் தரையில், இழுப்பதற்கு மாடுகள். 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத் தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சினே ஓட்டினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. நடுவில் ஒரு சென்ட்ரல் ஸ்டேஷன், அடியில் பாட்டம் ஸ்டேஷன். ரயிலே போகாத இடத்தில் ஏன் ஸ்டேஷன் என்று பெயர் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். 1924-ல் பெரும் வெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளத்தில் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். ரயிலை அது அடித்துக்கொண்டு போய்விட்டது. பாதையில் திரும்ப எஞ்சியது கால்கள்தான்.

அந்தக் கால்களும் முதுகுகளும் என்ன சாமான் வைத்திருந்தன? அப்பத்தா சொன்னதையும் நான் பார்த்ததையும் வைத்து ஒரு பட்டியல்:

கம்பளி. கறுப்போ பழுப்போ, முரட்டு ஆட்டு ரோமக் கம்பளி. ராத்திரி போர்வை, காலையில் மேல்கோட்டு, மழையில் குடை. வெள்ளைக்காரத் துரைகள் இதை 'கம்ப்ளி' என்று தங்கள் பாஷையிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

கொங்காணி. சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் திணித்தால் தலைக்கு முக்காடும் முதுகுக்கு மறைப்பும் ஆயிற்று. பின்னாளில் சாக்குக்குப் பதில் உரம் வந்த பிளாஸ்டிக் பை. இடுப்பைச் சுற்றி இன்னொரு பிளாஸ்டிக் தாள். தேயிலைச் செடியின் ஈரம் வயிற்றில் இறங்காமல் இருக்க.

சும்மாடு. தலைச்சுமைக்கு அடியில் வைக்கும் துணிச் சுருள். இன்று பெரிய பைகளில் பாரத்தை இடுப்புக்கு இறக்கும் பட்டையை விற்பனையாளர் பத்து நிமிடம் விளக்குகிறார். பாரத்தை எலும்பு வழியாக இறக்க வேண்டும், தசையில் தொங்கவிடக் கூடாது என்பதுதான் அதன் தத்துவம். சும்மாடு வைத்த எந்தக் கிழவிக்கும் அது தெரியும்.

அட்டைக்குச் சுண்ணாம்பும் புகையிலையும். சாப்பாட்டுக்குத் தூக்குவாளி.

காலுக்கு... பெரும்பாலும் ஒன்றும் இல்லை. ரொம்ப நாள் கழித்து டயர் செருப்பு வந்தது.

டயர் செருப்பும் இத்தாலிக்காரரும்

இந்த டயர் செருப்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இன்று உலகத்தில் எந்த நல்ல மலையேற்ற ஷூவைத் திருப்பிப் பார்த்தாலும் அடியில் மஞ்சள் எண்கோணத்தில் விப்ரம் என்று ஒரு முத்திரை இருக்க வாய்ப்பு அதிகம். விட்டாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேற்றக்காரரின் பெயரிலிருந்து வந்தது. 1935-ல் ஆல்ப்ஸில் அவருடைய கூட்டாளிகள் ஆறு பேர் செத்துப்போனார்கள். அந்தக் காலத்தில் பாறை ஏறும்போது ஆணி அடித்த பூட்ஸைக் கழற்றிவிட்டு மெல்லிய அடியுள்ள செருப்பு மாட்டிக்கொள்வார்கள். பனிப்புயல் வந்ததும் அதை வைத்துக்கொண்டு இறங்க முடியவில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு ரப்பர் அடியைச் செய்ய வேண்டும் என்று பிரமானி கிளம்பினார். 1937-ல் செய்தும் காட்டினார். பணம் போட்டது யார் தெரியுமா? டயர் கம்பெனியான பிரெல்லி!

ஆக இத்தாலியில் டயர் கம்பெனியின் பணத்தில் செய்தால் விப்ரம், போடி பஸ் ஸ்டாண்டில் பழைய டயரை வெட்டிச் செய்தால் டயர் செருப்பு :-)

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். மலைச் சாமான்களின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான். யாரோ செத்த பிறகுதான் ஒரு பொருள் திருந்துகிறது. ஆறு பேர் செத்த பிறகு ஷூவின் அடி திருந்தியது. ஆனால் எங்கள் மலையில் எத்தனை பேர் வழுக்கி விழுந்தார்கள், எத்தனை பேர் மழையில் நனைந்து நெஞ்சுச் சளியில் போனார்கள் என்று கணக்கு வைத்து எந்தப் பொருளும் திருந்தவில்லை. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 17வது பிரிவு என்று ஒன்று இருந்தது. மழைக்கும் குளிருக்கும் பாதுகாப்பாகக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி கொடுக்க வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது அது. மழைக்கோட்டுக்கு ஒரு சட்டப் பிரிவு! சியாட்டிலில் ஆளுக்கு ஒரு டாலர் போட்டு வாங்கினார்கள், எங்கள் ஆட்கள் சட்டம் போட்டு வாங்க வேண்டியிருந்தது. வருஷா வருஷம் கம்பளிக்காகச் சண்டை நடக்கும் என்று அப்பத்தா சொல்வார்.

பெரிய கடை வந்த கதை

விளையாட்டாக மலையேறுகிறவர்களுக்கும் அப்போது இங்கே ஒன்றும் கிடைக்காது. மழைக்கோட்டு என்றால் டக்பேக். 1920-ல் சுரேந்திர மோகன் போஸ் கல்கத்தாவில் ஆரம்பித்த சுதேசிக் கம்பெனி. அது இல்லாவிட்டால் என்.சி.சி.யில் கொடுத்த கான்வாஸ் ஷூ, ராணுவத்தில் கழித்துக் கட்டிய பை. எங்கள் கல்லூரி மாணவர்கள் சுருளிக்கோ மேகமலைக்கோ போனால் பள்ளிக்கூடப் பையும் ரப்பர் செருப்பும்தான். தொண்ணூறுகளில் பெங்களூரில் மலையேறுகிற சில பேர் தாங்களே கூடாரம் தைக்க ஆரம்பித்து, அது வைல்ட்கிராஃப்ட் என்ற கம்பெனியாக வளர்ந்தது. அப்போதும் அது தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த பொருள்.

பிறகு வந்ததுதான் மருமகன் சொன்ன பெரிய கடை. பிரான்ஸில் லீல் நகரத்துக்குப் பக்கத்தில் 1976-ல் மிஷேல் லெக்லெர்க் ஆரம்பித்தது டிகாத்லான். எல்லா விளையாட்டுக்கும் ஒரே கூரையின் கீழ் சாமான் என்பது யோசனை. 1997-ல் மலைக்கென்று குவெச்சுவா என்ற சொந்தப் பெயரை உண்டாக்கினார்கள். 2005-ல் தூக்கிப் போட்டால் இரண்டு நொடியில் தானாக விரிகிற கூடாரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதைத் திரும்ப மடிக்க எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்கக் கூடாது.

இந்தியாவில் 2009-ல் பெங்களூரில் முதல் கடை. வெளிநாட்டுக் கம்பெனி சில்லறை வியாபாரம் செய்ய முழு அனுமதி இல்லாத காலம் என்பதால் முதலில் மொத்த விற்பனையாகத்தான் நடத்தினார்கள். 2012-ல் ஒற்றைப் பிராண்டு சில்லறை விற்பனையில் 100 சதவீத அந்நிய முதலீட்டுக்கு அரசு கதவைத் திறக்க, 2013-ல் இவர்களுக்கு அனுமதி கிடைத்தது. அதன்பிறகு ஊர் ஊராகக் கடை. கோவை, கொச்சி என்று எங்கள் மலையின் இரண்டு பக்கமும் வந்துவிட்டது.

விலை குறைந்ததற்குக் காரணம் எளிது. வடிவமைப்பது, செய்விப்பது, விற்பது எல்லாம் ஒரே கை. இடைத்தரகர் கிடையாது. உலகம் முழுவதும் ஒரே பையை லட்சக்கணக்கில் தைக்கும்போது சில நூறு ரூபாய்க்கு விற்கக் கட்டுப்படியாகிறது. "மாமா, ஜீப்புல ஏறுற பத்துப் பேர்ல ஆறு பேர் தோள்ல ஒரே மாதிரிச் சின்னப் பை. எது யாரோடதுன்னு அவங்களுக்கே குழப்பம்" என்று மருமகன் சிரிப்பான்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மலை என்பது ஒரு காலத்தில் துரைகளின் பொழுதுபோக்கு, இல்லாவிட்டால் ஏழைகளின் பிழைப்பு. நடுவில் யாரும் கிடையாது. சாதாரணச் சம்பளக்காரர், கல்லூரிப் பெண்கள், அறுபது வயதில் முதன்முதலாக மலை ஏறும் அத்தைமார்கள் எல்லோரும் இன்று வருகிறார்கள் என்றால் அதில் மலிவான பைக்கும் ஷூவுக்கும் பங்கு உண்டு. மழையில் பருத்திச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக் குளிரேறுவதற்குச் செயற்கை இழைச் சட்டை எவ்வளவோ மேல். ஈரக் கம்பளியின் கனத்தைச் சுமந்து பார்த்தவர்கள் பழைய காலம்தான் பொற்காலம் என்று சொல்ல மாட்டார்கள்.

அம்மாவின் ஜாக்கெட்

அமெரிக்காவிலிருந்து முதல் தடவை ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு ஒரு நல்ல ஜாக்கெட் வாங்கிப் போனேன். இறகு மாதிரி கனமே இல்லாதது. அப்போது அம்மா ஓய்வு பெறவில்லை, லயத்து வீட்டில்தான் இருந்தார். ரொம்பச் சந்தோஷம். போட்டுக்கொண்டு விறகடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சுள்ளியைத் தள்ளினார். ஒரு பொறி தெறித்தது. அவ்வளவுதான். கையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை, ஓரமெல்லாம் உருகிச் சொட்டாக இறுகி நின்றது. உள்ளே சட்டை போட்டிருந்ததால் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. கழற்றி மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுக் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டார். "இது தீக்கு ஆகாது சாமி. கம்பளின்னா கருகும், ஒட்டாது" என்றார்.

பிறகு படித்துப் பார்த்தேன். பாலியெஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், உருகினால் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆட்டு ரோமம் உருகாது. எளிதில் பற்றாது, தீயை எடுத்தால் தானே அணைந்துவிடும். இங்கே அமெரிக்காவில் காட்டுத்தீ அணைக்கப் போகிறவர்களுக்கு உள்ளாடைகூடச் செயற்கை இழையில் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த விலைச்சீட்டில் காற்றுக்குத் தாங்கும், தூறலுக்குத் தாங்கும் என்றெல்லாம் படம் போட்டிருந்தது. அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

2018, மார்ச் 11

இதை எழுதாமல் தாண்டிப்போகத்தான் பார்த்தேன். முடியவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்து வந்திருந்த 30-க்கும் மேற்பட்டவர்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பாதிக்கு மேல் பெண்கள், நிறையப் பேர் என்னைப் போலப் பொட்டி தட்டுகிறவர்கள். வழியில் காட்டுத்தீ. பிள்ளைகளை இரவெல்லாம் குரங்கணிக்காரர்களும் வனத்துறையும் தீயணைப்புப் படையும் தோளிலும் டோலியிலும் தூக்கி இறக்கினார்கள். மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அங்கேயும், பிறகு வாரக்கணக்கில் மருத்துவமனைகளிலுமாக 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

யார் என்ன உடுத்தியிருந்தார்கள், யார் செய்தது தப்பு என்றெல்லாம் நான் பேசப் போவதில்லை. அந்த அளவு தீயில் எந்தத் துணியும் காப்பாற்றாது. எனக்கு உறைத்தது வேறு. அவர்கள் இறங்கிய அதே சரிவில் எங்கள் தாத்தா தலைமுறை பல தடவை ஏறி இறங்கியிருக்கிறது, ஒழுங்கான செருப்புகூட இல்லாமல். அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மாசி பிறந்துவிட்டால் அந்தப் பக்கம் புல் வெடிமருந்து மாதிரி. ஆள் உயரப் போதைப்புல் காய்ந்து நிற்கும், அதில் எண்ணெய் இருக்கும், ஒரு பொறி போதும். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது மனுஷன் ஓட்டத்தால் ஜெயிக்க முடியாது. எரிந்து முடிந்த கரிக்காட்டுக்குள் ஒதுங்குவதுதான் வழி. புல்லுக்குள் ஓடக் கூடாது, பள்ளத்துக்குள் இறங்கக் கூடாது.

இந்த அறிவு எந்தக் கடையிலும் அடுக்கி வைத்திருக்கவில்லை. கடை ஷூவை விற்கும். எந்த மாதத்தில் அந்த ஷூவை மாட்டக் கூடாது என்பதை ஊர்க்காரன்தான் சொல்ல வேண்டும். ஆனால் நல்ல சாமான் தோளில் ஏறியதும் நமக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. வழிகேட்கத் தோன்றுவதில்லை. இதை நான் என் அனுபவத்திலிருந்தும் சொல்கிறேன். இங்கே காஸ்கேட் மலைகளில் புது ஷூவோடு ஒருதடவை பாதை தவறி, இருட்டிய பிறகு இறங்கி வந்தவன் நான்.

குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை முன்பதிவோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு அரசே திறந்தது. வழிகாட்டிகளில் பலர் பழங்குடி இளைஞர்கள். காட்டுத்தீ காலத்தில் மூடியும் விடுகிறார்கள். அறிவையும் பாதையையும் சேர்த்துக் கொடுக்கிற ஏற்பாடு என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது. வருவதற்கு இவ்வளவு உயிர் போக வேண்டியிருந்தது என்பதுதான். பிரமானியின் ஷூ மாதிரியே.

யானை இறங்கும் இடம்

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சூரியநெல்லிக்குப் பக்கத்தில் ஆனையிறங்கல் என்று ஒரு அணை இருக்கிறது. யானை தண்ணீருக்கு இறங்குகிற இடம். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் அரிக்கொம்பனைப் பிடித்துக்கொண்டு போனது எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்ற யானை. பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரே மாதத்தில் கம்பத்துத் தெருவில் வந்து நின்றது. ஜூனில் திரும்பப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். பல பேர் உயிரும் போயிருக்கிறது, யானைக்கும் பாதை போயிருக்கிறது.

அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு நொடியில் விரிகிற கூடாரத்தை எங்கே வேண்டுமானாலும் விரிக்கலாம் என்பது சாமான் கொடுக்கிற இன்னொரு தைரியம். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கிய ஒரு பெண்ணை யானை மிதித்துக் கொன்றது. இரண்டு நொடியில் விரியும். ஆனால் அங்கே விரிக்கலாமா என்று தெரிந்துகொள்ள இரண்டு தலைமுறை வேண்டும்.

மருமகனுக்கு என்ன சொன்னேன்?

நேற்று நானே கூப்பிட்டேன். பணம் தருகிறேன் என்றேன். ஆனால் மூன்று நிபந்தனை.

ஒன்று, கடையில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி பெரிய எழுத்தில் ஒரு பலகை. எந்த மாதம் எந்தப் பக்கம் போகக் கூடாது, தீயைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும், யானை எந்த வழியில் இறங்கும். தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். சாமான் எடுக்கிறவன் அதை வாசித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு, அனுமதி இல்லாத இடத்துக்குக் கூடாரம் வாடகைக்குக் கிடையாது. எவ்வளவு பணம் கொடுத்தாலும்.

மூன்று, முதல் சரக்கில் மழைக்கோட்டு வாங்கும்போது கூடுதலாக வாங்கி, தேயிலை பறிக்கப் போகிற நம்ம லயத்து ஆட்களுக்கு வாங்கின விலைக்கே கொடுக்க வேண்டும். அதில் நஷ்டம் வந்தால் என் கணக்கு.

முதல் இரண்டுக்கும் சரி சரி என்றவன் மூன்றாவதுக்கு மட்டும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "மாமா, நான் அதுக்குத்தான் கடையே கேட்டேன். சுற்றுலாக்காரங்க ஏற்கெனவே வாங்கிட்டுத்தான் வர்றாங்க. அம்மா இன்னும் பிளாஸ்டிக் தாளைத்தான் கட்டிட்டுப் போகுது."

எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள். அக்கா இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். கடை என்றதும் நான் நினைத்தது முழுக்க மலையேற வருகிறவர்களைத்தான்.

ஆர்.இ.ஐ.யை ஆரம்பித்த 23 பேரும் மலை ஏறுகிறவர்கள், தங்களுக்காக ஆரம்பித்தார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா. நூற்றைம்பது வருஷமாக எங்கள் மலையில் தினமும் ஏறுகிறவர்கள் யார் என்று பார்த்தால், அவர்களுக்கான கடை இனிமேல்தான் திறக்கப் போகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில்.

சூரியநெல்லிப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள். மாசி, பங்குனியில் மட்டும் போகாதீர்கள்.